மாட்டுக் கொட்டகையில் நின்ற மைனர் கார்

நேற்றுப் பரணைச் சுத்தம் செய்ய ஆள் வைத்தேன். பழைய பிஸ்கட் டின் ஒன்று இறங்கியது. திறந்தால் நூல்கண்டு, அறுந்த கடிகார வார், எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவிகள். அடியில் விரலளவுக்கு ஒரு சீட்டு. ‘முன் இடது சக்கரம். நட்டு நான்கு. ஒன்று மரை போனது.’ என் தமிழ்த் தட்டச்சில் அடித்ததுதான். அந்த மெஷினில் ‘ர’ மட்டும் வரியைவிடச் சற்று மேலேறி விழும். பின்புறம் உன் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி, பசை காய்ந்து மஞ்சளாகி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆள் குப்பைக் கூடையை நீட்டினான். நான் போடவில்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால், “இத்த ஏன்டி இன்னும் வெச்சிக்கினு இருக்கே?” என்று கேட்டிருப்பாய்.

நீ போய் ஐந்து மாதமாகிறது. திண்டிவனத்தில் பாதிப் பேருக்கு நீ சிஸ்டர். எனக்கும் சிஸ்டர்தான். டைப் இன்ஸ்டிடியூட்டில் நான் வேலை பார்த்ததால் உனக்கு நான் ‘டைப்பு’. பெயர் சொல்லி நாம் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை. இந்தக் கடிதத்திலும் வேண்டாம்.

எண்பதுகளின் நடுவில் அது ஒரு மாலை. கடைசி வகுப்பு முடிந்து மெஷின்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். டூட்டி முடிந்த வெள்ளைச் சேலையோடு நீ படியேறி வந்தாய்.

“பெரிய ஸ்க்ரூ டிரைவர் இருக்கா உங்கிட்ட?”

“எதுக்கு?”

“வண்டியக் கழட்டப் போறேன்.”

எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை. உன் வீட்டில் இருந்தது ஒரே வண்டிதான். மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றிய உன் கணவர் யாரிடமோ பழசாக வாங்கிய கறுப்பு மைனர் கார். இரண்டு வருஷம் ஓட்டினார். ஒருநாள் அது நின்றுபோனது. அடுத்த ஆறு மாதத்தில் அவரும் நின்றுபோனார். விழுப்புரத்தில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் என்று உனக்கு அடுத்தவர் வாயால்தான் தெரிந்தது. வீடு உன் அப்பா கட்டியது என்பதால் நீ தெருவுக்கு வரவில்லை. வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் மாடு போன இடத்தில் கார் நின்றது. முன்கண்ணாடி நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கும். பின்சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. ‘வண்டி பேரு மைனரு, ஓனரும் மைனருதான்’ என்று ஆஸ்பத்திரி ஆயா சொன்னதை நீயே என்னிடம் சொல்லிச் சிரித்தாய். சிரித்து முடித்தபின் வெகுநேரம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

“அவரு சட்டை, செருப்பு, ஷேவிங் டப்பா எல்லாத்தையும் மூட்டை கட்டி அனுப்பிட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி. இத ஓட வெச்சி, நானே ஓட்டிக்கினு போயி, அவரு வாசல்ல நிறுத்தி, சாவியக் குடுத்துட்டு பஸ் புடிச்சி வந்துடுவேன்” என்றாய்.

“லாரில ஏத்தி அனுப்பேன்.”

“செத்த வண்டியத் திருப்பிக் குடுத்தா எனக்கு இன்னா மரியாதை இருக்கு?”

முதலில் மெக்கானிக்குகளைத்தான் கூப்பிட்டாய். ஒருவர் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, பழைய இரும்பாக ஆக்கருக்குப் போடச் சொன்னார். இன்னொருவர் கொட்டகைக்குள்ளேயே நுழையவில்லை. “வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா? இருந்தா பேசலாம்” என்றார். “நான்தான் இருக்கேன், பேசுங்க” என்றாய். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். அதன்பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர் தேடி என்னிடம் வந்திருக்கிறாய்.

டாஷ்போர்டு அறையில் ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. எந்தத் திருகாணி எங்கே என்று படம் போட்டது. மதியம் வகுப்பு இல்லாத நேரத்தில் அதைத் தமிழாக்கி அடித்துக் கொண்டுவருவேன். நீ காருக்கடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு, “அடுத்தது படி” என்பாய். கழற்றிய ஒவ்வொன்றையும் ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட எனாமல் தட்டில் வரிசையாக வைத்து, சீட்டு ஒட்டி, மேலே துணி மூடுவாய். ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கும். டைப் மெஷின் துடைக்கும் பிரஷ்ஷும் மெல்லிய எண்ணெயும் என் பங்கு. தெருவில் போகிறவர்கள் கொட்டகைத் தட்டியை விலக்கி எட்டிப் பார்ப்பார்கள். “பிரசவம் ஆவல, போங்க, போங்க” என்று அடியிலிருந்து உன் குரல் மட்டும் வரும்.

எனக்கு அந்த மாலை நேரங்கள் எப்படிப்பட்டவை என்று உன்னிடம் சொன்னதில்லை. அண்ணன் வீட்டு மாடியறைக்குத் திரும்ப வேண்டியவள் நான். அங்கே அண்ணி நல்லவள்தான். ஆனால் என் தட்டு எப்போதும் கடைசியாகத்தான் வைக்கப்படும். உன் கொட்டகையில் கிரீஸ் கையோடு நாம் கேப்பைக் கூழைப் பகிர்ந்து குடித்தபோதுதான் எனக்குப் பசி என்பதே வந்தது.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக் துளைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டோம். தினமும் ஆஸ்பத்திரி விட்டு வந்ததும் முன்பக்கம் ஹாண்டிலைச் செருகி, நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தொங்குவோம். அசையாது. பன்னிரண்டாம் நாளோ என்னவோ, ‘கிறீச்’ என்று ஓசை வந்து ஹாண்டில் கால்வட்டம் திரும்பியது. நீ ஹாண்டிலை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாய். என் ரவிக்கை முதுகில் பதிந்த உன் பத்து விரல் கறை, எத்தனை துவைத்தும் போகவில்லை.

அந்தச் சந்தோஷத்தை நான்தான் கெடுத்தேன். எஞ்சின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, பழைய சேலையில் சுற்றி, விழுப்புரத்துக்கு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பஸ்ஸில் மடியில் பிள்ளைபோல மாறி மாறி வைத்துக்கொண்டோம். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது என் கையில் இருந்தது. பின்னால் ஒருவர் முட்ட, படியில் கால் தடுக்கி, ஹெட் தார் ரோட்டில் விழுந்தது. சேலையைப் பிரித்தால் ஓரத்தில் மயிரிழை போல விரிசல்.

நீ திட்டியிருக்கலாம். நேரே டீக்கடைக்குப் போய் இரண்டு டீ சொன்னாய். நான் அழுதுகொண்டே குடித்தேன். “குடிச்சி முடி. கட்டு போட முடியுமான்னு கேப்போம்” என்றாய். உடைந்த எலும்பைப் பற்றிப் பேசுவது போலவே பேசினாய்.

பட்டறை வைத்திருந்த பாய் கோட்டக்குப்பத்துக்காரர். பல வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். ஹெட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத யாரும்மா கழட்டனது?”

“நாங்கதான்” என்றாய்.

“எல்லா போல்ட்டும் உருப்படியா வந்துச்சா?”

“பதினொண்ணும் வந்துச்சி. சீட்டுப் போட்டு வெச்சிருக்கேன்.”

அவர் எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உக்காருங்க. என் ஆளுங்க கழட்டனாலே ரெண்டு ஒடைஞ்சிதான் வரும். பித்தளை வெச்சி ஒட்டித் தர்றேன். ஆனா இது பேஜாரு புடிச்ச எடம்மா, முழுசா நிக்கும்னு சொல்ல மாட்டேன். தண்ணி கசியும். ரேடியேட்டர்ல தண்ணி பாத்துக்கினே ஓட்டணும்.” ஒட்டி, மட்டம் பிடித்து, ஒரு வாரத்தில் கொடுத்தார். வண்டி ஓடினால் தன் பட்டறை வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்திக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

எஞ்சின் மறுபடி உயிர் பெற்றது அதற்கு மூன்று மாதம் கழித்து. அடுத்து பிரேக் கைவிட்டது. ஆஸ்பத்திரி ஜீப் டிரைவரிடம் நீ ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்கு வெளியே மண்ரோட்டில் முதல் ஓட்டம். நான் பக்கத்தில். கொஞ்ச தூரம் தேர் மாதிரி போனோம். வளைவில் ஆடுகள் குறுக்கே வந்தன. நீ மிதித்தாய், மிதி தரை வரைக்கும் போனது, வண்டி நிற்கவில்லை. “புடிச்சிக்கடீ!” என்று கத்திக்கொண்டே திருப்பினாய். வயலோரம் வேர்க்கடலையைப் பறித்துவிட்டுக் காயப்போட்டிருந்த மல்லாட்டைக் கொடிப் போருக்குள் கார் பாதி புதைந்து நின்றது. கண்ணாடியெல்லாம் கொடி. கொடிக்காரர் ஓடிவந்தார். உன்னைப் பார்த்ததும், “அய்ய, நம்ம ஊசி போடற அம்மா!” என்று மாடு பூட்டி இழுத்துக் கொட்டகை வரை கொண்டுவந்து விட்டார். எனக்கு நெற்றியில் இரண்டு தையல். நீயே போட்டாய்.

“போதும்டி. உனக்கு ஏதாவது ஆயிருந்தா? ஆக்கருக்கே போட்டுடறேன்” என்றாய்.

நான்தான் விடவில்லை. பிரேக் ரப்பர் அத்தனையையும் மாற்றும் பக்கத்தை மறுநாளே அடித்துக்கொண்டு வந்தேன்.

இப்படியே இரண்டு வருஷம் போயிருக்கும். மாசி மாதத்தில் ஒரு காலை. கார் கறுப்பு மினுங்க வாசலில் நின்றது. நீ மாம்பழ நிறப் புடவை கட்டியிருந்தாய். பஸ்ஸில் திரும்புவதற்கு வேண்டிய சில்லறையைக் கைப்பையில் எடுத்துவைத்துக்கொண்டாய். என் காலடியில் தண்ணீர் கேன். கூட்டேரிப்பட்டு தாண்டும் வரை நீ ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் கதவுத் தூணிலிருந்து, திசை காட்டும் சிவப்புக் கை ஒன்று நீட்டி எழுந்து, மடங்கியது. ரோட்டோரம் நின்ற பிள்ளைகள் அதைப் பார்த்துக் கைதட்டினார்கள். உன் உதடு கொஞ்சம் இளகியது.

விக்கிரவாண்டியில் ரேடியேட்டர் கொதித்தது. கேன் தண்ணீர் முழுதும் அங்கேயே தீர்ந்தது. பாய் சொன்ன இடம்தான். நான் கீழே போட்ட விரிசல். மெல்ல ஓட்டினோம். விழுப்புரத்தில் பாய் பட்டறை அன்று பூட்டியிருந்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் அந்தத் தெருவுக்குள் திரும்பும்போது முன்பக்கம் புகைபோல ஆவி மூடிக்கொண்டது. உன் கணவர் வீட்டுக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றுவிட்டது.

“வாசல் வரைக்கும்கூட வரமாட்டேங்குது பாரு” என்றாய்.

சத்தம் கேட்டு ஒரு பெண் வெளியே வந்தாள். ஒல்லி, இருபத்திரண்டு வயது இருக்கலாம். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. காரைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ரத்தமில்லை. “அவரு இல்லீங்க. டூர் போயிருக்காரு” என்றாள்.

நீ இறங்கினாய். இரண்டு வருஷமாக இந்த நிமிஷத்துக்கு நீ தயாரித்து வைத்திருந்த வார்த்தைகள் எனக்கு மனப்பாடம். எத்தனை தடவை காருக்கடியிலிருந்து சொல்லிக் காட்டியிருப்பாய். அதில் ஒன்றும் வரவில்லை.

“கொஞ்சம் தண்ணி குடும்மா. வண்டி சூடாயிடுச்சி” என்றாய்.

அவள் பின்பக்கக் கிணற்றுக்கு நடந்தாள். நீயும் போனாய். நான் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு தெருவில் நின்றேன். உள்ளே சத்தமில்லை. திரும்பி வந்தபோது அவள் கையில் வாளி. குழந்தை உன் இடுப்பில்.

“டைப்பு, துணி வெச்சி மூடியத் தொற. மொகத்த அந்தாண்ட திருப்பிக்கோ.”

தண்ணீரை ஊற்றினோம். எஞ்சின் மறுபடி பிடித்தது. குழந்தையை அவளிடம் கொடுத்தாய். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாய். சாவியைப் பிடுங்கப் போகிறாய் என்று பார்த்தேன். நீ அதன்மேல் கையை வைத்தாய். பிறகு, “ஏறு” என்றாய்.

விழுப்புரம் எல்லை தாண்டும் வரை நான் பொறுத்தேன். “சாவியக் குடுக்கலையே?”

“தண்ணி இன்னும் ஒழுகுதுடி. ரிப்பேர் முடியல” என்றாய்.

அந்த ரிப்பேர் அதன்பிறகு ஏழு வருஷம் முடியவில்லை. அந்தக் காரில்தான் நாம் திருவக்கரைக்குப் போனோம்; என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பெண்ணை அழைத்துப் போனோம். விழுப்புரம் போய்வந்த இரண்டு மாதத்தில் பதிவுத் தபால் ஒன்று வந்தது. உள்ளே வண்டியின் ஆர்.சி. புத்தகம், பெயர் மாற்றும் படிவத்தில் அவர் கையெழுத்து. கவரின்மேல் உன் முகவரி வேறொருவர் கையெழுத்தில், ‘திண்டிவணம்’ என்று பிழையோடு இருந்தது. நீ இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு பீரோவில் வைத்தாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் புதுச்சேரிக்காரர் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிப்போன அன்று நீ வாசலுக்கே வரவில்லை. டூட்டி இருக்கிறது என்று கிளம்பிவிட்டாய். அன்றைக்கு உனக்கு வார விடுமுறை.

உன் காரியத்தன்று ஒரு பெண் வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “டைப்பக்கா, என்னத் தெரியுதா? தண்ணி குடுத்தனே” என்றாள். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். நாற்பது வருஷத்துக் கோபம், சிஸ்டர். அவர்கள் மேல் உனக்காக நான் வைத்திருந்தது.

அவளாகவே பேசினாள். “அவரு தவறிப்போயி பத்து வருசம் ஆவுதுக்கா. அன்னிக்கு கெணத்தாண்ட, இன்னா கேப்பாங்களோன்னு நடுங்கிக்கினு நிக்கிறேன். அக்கா கொழந்தை கையப் புடிச்சித் தடவிப் பாத்துட்டு, ‘தடுப்பூசி போட்டியா?’ன்னாங்க. இல்லக்கான்னேன். ‘திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு வா’ன்னாங்க. எல்லா ஊசியும் அவங்கதான் போட்டாங்க. ஊசி முடிஞ்சப்புறமும் வந்துக்கினே இருந்தேன். அவரண்ட சண்டை போட்டுக் கையெழுத்து வாங்கி அந்தக் கவரப் போட்டது நான்தான்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே அவ” என்றேன்.

“நானே கேட்டேன்க்கா, டைப்பக்காவுக்குக்கூடத் தெரியாதான்னு. ‘அவளுக்கு முக்கியமா சொல்லாத. எனக்காக அந்தாளு மேல கோவமா இருக்கா. பாவம், அது பாட்டுக்கு இருக்கட்டும்’னு சிரிச்சாங்க.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் விடவில்லை. இரண்டு பேரும் உன்னைத் திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தோம்.

உன் ரகசியம் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. என்னுடையது மட்டும் உன்னிடம் வரவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மல்லாட்டைப் போரில் நாம் விழுந்ததற்கு அடுத்த மாதம் உன் கணவர் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். நீ டூட்டியில் இருந்தாய். பத்து மெஷின் தடதடக்கும் சத்தத்தில் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். இளைத்துப்போயிருந்தார். யாரோ காரை விலைக்குக் கேட்பதாகச் சொன்னார். எடுத்துப் போகலாமா, எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டார். “ஹெட்டு ஒடைஞ்சிபோச்சிங்க. முழுக்கத் துரு. ஆக்கர்காரன்கூட எடுக்க மாட்டான்” என்று கூசாமல் சொன்னேன். தலையாட்டிக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி நின்றார்.

“அவ எப்படி இருக்கா?” என்றார்.

அதை உன்னிடம் சொன்னால் உன் கோபம் கரைந்துவிடும், கொட்டகைக்குப் போகாமல் இருந்துவிடுவாய், எனக்கு அந்த மாலை நேரங்கள் இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன். அதனால்தான் சொல்லவில்லை. இன்றைக்கும் அது என் நெஞ்சில்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதையும் நீ கேட்க வேண்டும்.

அவர் வந்ததற்கு முந்தின மாலை நீ காருக்கடியில் படுத்து, முகமெல்லாம் எண்ணெய் வடிய, நான் படித்த வரியில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாய். அது என் கண்முன் நின்றது.

“நல்லா இருக்காங்க” என்றேன். காரைப் பற்றிச் சொன்னதுதான் பொய், சிஸ்டர். இது இல்லை.